தரவரிசையும் திறனாய்வும்: ஜான் ஆபிரகாம் திரைப்படங்கள் குறித்த இரசிகர் வழக்கிற்கு ஒரு மறுப்பு

ஜான் ஆபிரகாம் (1937–1987) இயக்கிய முழுநீளக் கதைப்படங்கள் நான்கு மட்டுமே. ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ (1972), ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977), ‘செறியாச்சன்றெ குரூர கிருத்யங்ஙள்’ (1979), ‘அம்ம அறியான்’ (1986) என்பன அவை. இரண்டாவது படம் தமிழ். ஏனைய மூன்றும் மலையாளம். இந்நான்கனுள் எது தலையாயது, எது கடைப்பட்டது என்னும் வழக்கு, அவர் மறைந்து நாற்பதாண்டுகளை நெருங்கும் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கேரளத்துத் திரைப்படக் கழகக் கூட்டங்களிலும், திரைப்பட விழா வளாகங்களிலும், தமிழ்ச் சிற்றிதழ் வாசகரிடையேயும் இவ்வழக்கு மீண்டும் மீண்டும் எழுகின்றது. கேரளத்தில் தமிழ் பயிற்றுவிக்கும் நம்மனோர் இவ்விரு வட்டங்களுக்கும் நடுவில் நிற்பவர்கள். இருபுறப் பேச்சும் நம் செவியில் விழுகின்றது. எனவே இவ்வழக்கைக் குறித்துச் சொல்வதற்கு நமக்கு ஒரு கடமையும் உண்டு.

இதில் ஒரு கட்சியை எடுத்துக்கொண்டு வாதிட இக்கட்டுரை முற்படவில்லை. வழக்கே பிழைபடத் தொடுக்கப்பட்டுள்ளது என்பதே இதன் துணிபு. நான்கு படங்களும் ஒரே வினாவின் நான்கு படிநிலைகள்; அவற்றைத் தரவரிசைப்படுத்துவதால் அவ்வினா மறைந்துபோகின்றது; மறைந்ததோடு நில்லாமல், ‘கடைப்பட்டது’ என முத்திரை குத்தப்பட்ட படம் பார்வையிலிருந்தும் பாடத்திட்டத்திலிருந்தும் ஒதுக்கப்படுகின்றது.

கட்சிகள் மூன்று

வழக்காடுவோரை மூன்று கட்சியினராகப் பகுத்துக் காணலாம். முதற்கட்சியினர் ‘அம்ம அறியான்’ படத்தை உச்சியில் வைப்பவர். 1984-இல் ஜானும் தோழர்களும் தோற்றுவித்த ‘ஒடேசா’ என்னும் கூட்டமைப்பு ஊர் ஊராகச் சென்று, சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாக நிதி திரட்டி இப்படத்தை எடுத்தது. தயாரிப்பாளரும் முதலாளியும் இல்லாத படம் என்பது அவர்களுடைய தலையாய சான்று. இரண்டாங்கட்சியினர் கட்டுக்கோப்பை முன்னிறுத்துவோர். அவர்களுக்குச் செறியாச்சனே சிறந்தது. அடூர் பாசிக்கு 1979-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருதைப் பெற்றுத் தந்த படம் அது. மூன்றாங்கட்சி சிறியது, பெரும்பாலும் தமிழ் வாசகர்களால் ஆனது. ‘அக்கிரகாரத்தில் கழுதை’ தமிழின் சிறந்த கதைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது இக்கட்சியின் தொழில்.

எல்லாவற்றிலும் முரண்படும் இம்மூவரும் ஒன்றில் மட்டும் ஒன்றுபடுவர். ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ மோசமான படம் என்பதே அது. மது, ஜெயபாரதி முதலிய நட்சத்திரங்களும் வயலாரின் பாடல்களும் உள்ளதால், அது ஜான் ‘ஜான்’ ஆவதற்கு முன்பு எடுத்தது என்று தள்ளிவிடுவர். தள்ளுவோரிற் பலர் அப்படத்தைப் பார்த்ததில்லை என்பது அவர்களோடு சிறிது நேரம் உரையாடினாலே விளங்கிவிடும். பார்க்காத படத்தைப் பற்றி மூன்று கட்சியினரும் ஒருமனப்பட்டுத் தீர்ப்பளிப்பது திறனாய்வுலகில் அரிய ஒற்றுமைதான்.

கடையாக்கப்பட்ட படம்

அப்படத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். விளையாட்டின்போது பள்ளி நிறுவனரின் சிலையை மாணவர்கள் உடைத்துவிடுகின்றனர். அதற்கு ஈடான பணத்தை அவர்களே கட்டவேண்டும் என்பது நிருவாகத்தின் ஆணை. கையில் காசில்லாத சிறார் ஒன்றுகூடி அத்தொகையைத் திரட்ட முனைவதே கதை.

இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். உடைமை ஏதுமற்றோர் ஒன்றுசேர்ந்து, சிறுகச்சிறுகப் பணம் திரட்டி, தங்களைவிடப் பெரிய ஒரு செயலை முடிக்க முயல்வது 1972-ஆம் ஆண்டுப் படத்தின் கதை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ‘ஒடேசா’ கண்டறிந்த படத்தயாரிப்பு முறையும் அதுவே. கடைப்பட்டதாகச் சொல்லப்படும் படத்தின் உள்ளடக்கம், தலைசிறந்ததாகச் சொல்லப்படும் படத்தின் உற்பத்தி முறையாக மாறியிருக்கின்றது. ஒரு படைப்பாளியின் வாழ்வில் இத்தகைய மாற்றம் எளிதில் காணக்கிடைப்பதன்று. ‘அம்ம அறியான்’ மக்கள் பணத்தில் எடுக்கப்பட்டதைக் கொண்டாடுவோர், அந்த எண்ணம் முளைவிட்ட இடத்தைக் குப்பையென ஒதுக்குவது எங்ஙனம் பொருந்தும்?

இன்னொன்றும் உண்டு. இராமச்சந்திரபாபுவின் ஒளிப்பதிவு வாழ்க்கை தொடங்கியது இப்படத்தில்தான். ஐந்தாண்டுகள் கழித்துக் ‘கழுதை’யின் கறுப்பு வெள்ளைச் சட்டகங்களை அமைத்தவரும் அவரே. இசையமைத்த எம்.பி. சீனிவாசன் ‘கழுதை’க்கும் இசையமைத்ததுடன் அதில் பேராசிரியர் நாராயணசாமியாகவே நடித்தார். சீனிவாசன் யார்? சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பலர் ஒருங்கே பாடும் சேர்ந்திசையைத் தென்னாட்டில் ஓர் இயக்கமாகவே வளர்த்தவர். கூட்டுக்குரலில் வாழ்நாள் முழுதும் நம்பிக்கை வைத்த ஓர் இசைஞர், கூட்டத்தால் விரட்டப்படும் தனியொருவராக ‘கழுதை’யில் நடித்தார் என்பதைத் தற்செயல் என்று கொண்டாலும்கூட அது சிந்தனைக்குரிய தற்செயலே. முதல் படத்தை வெட்டியெறிந்தால் இவ்விழைகள் யாவும் அறுந்துபோகின்றன.

இதனால் அப்படம் குற்றமற்றது என்று நாம் சொல்லவரவில்லை. பாடல்கள் கதையை நிறுத்திவைக்கின்றன. நட்சத்திரங்களுக்கு ஒதுக்கிய இடம் சிறாருக்குரிய இடத்தைப் பறித்துக்கொள்கின்றது. இரங்கத்தக்க காட்சிகள் வேண்டிய அளவினும் நீள்கின்றன. இவை குறைகளே. ஆனால் இவை பகுதிகளின் குறைகள். நன்னூலார் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நூலுக்கு உரியனவாகவே வகுத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒரு நூலில் இன்ன இடத்தில் உள்ளன என்று சுட்டலாம். அது கொண்டு அந்நூலைக் கடைநூல் என்று ஏணிப்படியில் நிறுத்தும் வேலையை அவர் நமக்குத் தரவில்லை. நம் உரையாசிரியர்களும் செய்யுளை அடியடியாகவும் சொல்சொல்லாகவும் எடுத்துக்கொண்டே வழக்காடினர். கம்பனா இளங்கோவா எனக் கேட்டுக் கைதட்டல் வாங்கும் இக்காலப் பட்டிமன்ற முறை அவ்வுரைமரபிலிருந்து வந்ததன்று. அதைத் திரைப்படத்துக்கும் கடத்தியதே நாம் கண்ட பயன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுத் தலைப்பேற்புக் கூட்டத்தில், ஜானின் முதற்படத்தையும் ‘கழுதை’யையும் ஒப்பிட விரும்பிய ஒரு மாணவியிடம், “மோசமான படத்தில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டனர். படத்தைப் பார்த்தீர்களா என்று அம்மாணவி திருப்பிக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. தலைப்பு மாற்றப்பட்டது. இரசிகரின் ஏணி ஆய்வாளரின் மேசைவரை வந்து சேரும் வழி இதுதான். இவ்வாறு ஒதுக்கப்படும் படத்துக்கு நேர்வது ஏட்டுச்சுவடிக்கு நேர்ந்ததே. படிப்பார் இல்லாத சுவடியைக் கரையான் படித்தது. பார்ப்பார் இல்லாத படச்சுருளும் அவ்வாறே கெடும். கெடாமல் காக்கும் செலவை எந்தப் படத்துக்குச் செய்வது என்று முடிவெடுப்போர் கையிலும் இத்தரவரிசைதான் இருக்கும்.

அக்கிரகாரமும் குட்டநாடும்

தமிழ் வாசகர்க்கு அணுக்கமான படத்துக்கு வருவோம். தாய்க்கழுதை கொல்லப்பட, அதன் குட்டி ஒரு பேராசிரியரின் வீட்டிற்குள் புகுகின்றது. கல்லூரியின் ஏளனத்துக்கு ஆளான அவர் அதனைத் தம் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுசெல்கின்றார். வாய்பேசவியலாத உமா என்னும் பெண் அதனைப் பேணுகின்றாள். ஊரில் நேரும் தீங்குகளெல்லாம் கழுதையின்மேல் ஏற்றப்படுகின்றன. அவள் ஈன்ற இறந்த குழவி கோயிலருகே கிடந்தபோது கழுதையே பழிசுமந்து கொல்லப்படுகின்றது. பின்னர் ஊரில் அற்புதங்கள் நிகழ்வதாகத் தோன்ற, கொன்றவர்களே அதற்குக் கோயில் எடுக்க முனைகின்றனர். இறுதியில் ஊரைத் தீ சூழ்கின்றது.

இப்படத்தை மேலேற்றுவோரும் கீழிறக்குவோரும் ஒரே அளவுகோலையே கையாள்கின்றனர். பார்ப்பன எதிர்ப்புப் படம் என்பதால் சிறந்தது என்பது ஒரு சாரார் கூற்று. அதனாலேயே மோசமானது என்பது மறுசாரார் கூற்று. விருது பெற்ற இப்படத்தை ஒளிபரப்பவிருந்த தூர்தர்ஷன் 1989-இல் எதிர்ப்பின் காரணமாக அதனைக் கைவிட்டதையும் இரு சாராருமே தத்தமக்குச் சான்றாகக் கொள்வர். திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன் என்பதை இருவருமே வசதியாக மறந்துவிடுகின்றனர். திராவிட இயக்கத்தின் கலை இலக்கியப் போக்குகளை அவரளவு கடுமையாகத் தாக்கி எழுதிய திறனாய்வாளர் அவர் தலைமுறையில் சிலரே. அத்தகையவர் எழுதிய கதையை இயக்க எழுச்சியின் பட்டியலில் சேர்ப்பது எப்படி? அக்கிரகாரத்தின் மீதான வெளியார் வசையென்று ஒதுக்குவதுதான் எப்படி?

“மலையாளக் கிறித்தவர் ஒருவர் நம் ஊரைப் பழித்தார்” என்னும் குற்றச்சாட்டுக்கு ஜான் அளித்த விடை அடுத்த படத்திலேயே இருக்கின்றது. இரண்டே ஆண்டுகளில் அவர் தம் பிறந்த மண்ணான குட்டநாட்டுக்கு, தம் சிரியன் கிறித்தவச் சமூகத்துக்குத் திரும்பினார். உழவர்மீது காவலர் நிகழ்த்தும் கொடுமையைக் கண்ட நிலக்கிழார் செறியாச்சன், அக்கொடுமையில் தனக்கும் பங்குண்டு என்னும் அச்சத்தால் மனம் பேதலிக்கின்றார். தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று ஒளிகின்றார், தென்னைமரம் ஏறுகின்றார். பிறர் ஊரின் கொடுமையைப் புறத்தேயிருந்து காட்டியவர், தன் ஊரின் கொடுமையை உள்ளேயிருந்து, கொடுமைக்குத் துணைபோனவனின் நடுக்கமாகவே காட்டினார். முன்னதில் பழி பிறவுயிர்மேல் ஏற்றப்படுகின்றது. பின்னதில் பழியைத் தன்மேலேயே ஏற்றிக்கொள்கின்றான் ஒருவன். இவ்விரு படங்களும் ஓர் இரட்டை. ஒன்றை முதலிடத்திலும் மற்றொன்றை இரண்டாமிடத்திலும் வைத்தவர், இரண்டுமே ஒன்றையொன்று நோக்கி நிற்பதைக் காணும் வாய்ப்பை இழந்துவிடுகின்றார்.

‘கழுதை’யில் குறையில்லையா? உண்டு. கல்லூரிக் காட்சிகளில் நடிப்பு விறைத்து நிற்கின்றது. பேராசிரியரின் நற்பண்பு ஐயத்துக்கு இடமின்றி வைக்கப்பட்டதால் அவர் ஒரு பாத்திரமாக வளர இடமில்லை. ரொபெர் பிரெஸ்ஸோனின் ‘ஓ ஆஸார் பல்தஸார்’ (1966) படத்துக் கழுதையோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். அங்கே கழுதை கைமாறிக் கைமாறி மனிதர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளக்கின்றது. இங்கோ தனிமனிதரை விட ஊர் என்னும் திரளே அளக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் ‘தழுவல்’ என்றோ ‘தாக்கம்’ என்றோ கூறி முடிப்பதும் ஒருவகைத் தரவரிசைச் சோம்பலே.

ஆளை அளக்கும் கோல்

இரசிகர் வழக்கு படங்களை அளப்பதாகத் தோன்றினாலும் அளப்பது ஆளைத்தான். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணாக்கர்; ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையைத் துறந்தவர்; குடித்தவர், அலைந்தவர், கிடைத்த இடத்தில் உறங்கியவர்; 1987 மே இறுதியில் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து மாண்டவர். இப்புராணத்துக்கு எந்தப் படம் மிக நெருங்கி நிற்கின்றதோ அது சிறந்தது. விலகி நிற்பது மோசமானது. நட்சத்திரங்களை வைத்துப் படமெடுத்த ஜான் இப்புராணத்துக்கு ஒவ்வாதவர். ஆகவே அப்படம் ஒவ்வாது. கட்டக்கின் அன்பர்களும் தம் ஆசிரியரை இவ்வாறே நடத்தினர் என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்வோம்.

இயக்குநரே திரைப்படத்தின் ஆசிரியர் என்னும் கோட்பாடு, 1954-இல் த்ருஃபோ எழுதிய கட்டுரையை ஒட்டிப் பிரெஞ்சுத் திறனாய்வில் வலுப்பெற்றது. அது ஆளைத் தொழும் வழிபாடாகத் திரியும் அபாயத்தை, அவ்விதழின் மூத்த ஆசிரியரான ஆந்த்ரே பாசேன் 1957-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். நல்ல இயக்குநரின் எளிய படம், எளிய இயக்குநரின் நல்ல படத்தினும் உயர்ந்ததாகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். நம்மிடையே இன்னும் விந்தையான திரிபு நிகழ்ந்துள்ளது. ஒரே இயக்குநரின் படங்களுக்குள்ளேயே அவருடைய புராணத்துக்கு ஒத்தது, ஒவ்வாதது என்று தீண்டத்தகாதவை வகுக்கப்படுகின்றன. உயிரோடிருந்தபோது படமெடுக்கப் பணமின்றி ஒருவரை அலையவிட்டு, இறந்தபின் அவர் பெயரால் விருதும் விழாவும் எடுக்கும் நம் உலகத்தைக் காண்கையில், கழுதையைக் கொன்று அதற்குக் கோயில் எடுக்கும் ஊர் நினைவுக்கு வராமலிருப்பது அரிது.

‘அம்ம அறியான்’ படத்துக்கு இப்புராணம் செய்துள்ள தீங்கே மிகுதி. அதன் பெருமை அதன் கணக்குப்புத்தகத்தில் இருப்பதாகச் சொல்லிச் சொல்லி, திரையில் என்ன நிகழ்கின்றது என்பதையே பேசாமல் விட்டுவிட்டனர். வயநாட்டிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட புருஷன், வழியில் தூக்கில் தொங்கிய ஓர் இளைஞனின் உடலைக் காண்கின்றான். யார் என்று தேடி, அவன் தபேலாக் கலைஞனான ஹரி என அறிகின்றான். கொச்சியிலுள்ள அவன் தாய்க்குச் செய்தி சொல்லப் புறப்படுகின்றான். போகும் வழியில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்கின்றனர். அவரவர் தாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகின்றனர். இறுதியில் ஒரு பெருங்கூட்டமே இழவு சொல்லச் செல்கின்றது. கடிதத்தின் தலைப்பில் ‘அம்மா அறிவதற்கு’ என்று எழுதும் வழக்கே படத்தின் பெயர்.

புறத்திணை பயின்றோர்க்கு இங்கே ஒரு பொறி தட்டவேண்டும். மகன் களத்தில் பட்டான் என்னும் செய்தியைக் கேட்கும் முதியவளைப் பாடும் உவகைக்கலுழ்ச்சித் துறையில், செய்தி கொணர்ந்தவர் யாரென்று நாம் அறியோம். பாடல் தாயின் மனநிலையிலேயே நிலைகொள்ளும். ஜான் அதனைத் தலைகீழாக்கினார். தாயைக் கடைசிவரை காத்திருக்க வைத்துவிட்டு, செய்தி சுமந்து செல்வோரின் கால்களைப் படமாக்கினார். வீரமரணம் என்று பெருமிதம் கொள்ளவும் வழியில்லாத ஒரு சாவு. ஆகவே சொல்லத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கின்றனர். இடையிடையே கேரளத்து மக்கள் போராட்டங்களை ஆவணப்படச் சாயலில் கோத்திருப்பதும் வேணுவின் ஒளிப்பதிவும் இந்நடைக்கு எடை சேர்க்கின்றன. நண்பர்களைத் தேடிச் செல்லும் காட்சிகள் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருவது தளர்ச்சியே. தாய்மார் அத்தனை பேரும் வாயிலில் நின்று வழியனுப்புவோராகவே அமைந்ததையும் நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். தாய்க்கு எழுதிய கடிதத்தில் தாய் பேசுவதற்கு இடம் மிகக் குறைவு. இத்தகைய விவாதங்களை எழுப்ப ‘இதுவே சிறந்த படம்’ என்னும் முழக்கம் இடந்தருவதில்லை. முழக்கத்தின் நடுவே குறை சொன்னவன் எதிர்க்கட்சியான் ஆகிவிடுவான்.

இனி நான்கையும் ஒருசேர வைத்துக் காண்க. கடன்பட்டு ஒன்றுசேரும் சிறார் கூட்டம். பழிசுமத்திக் கொன்று பின் தொழும் ஊர்க்கூட்டம். கூட்டத்தைக் கண்டு நடுங்கித் தனித்துப்போன ஒருவன். ஒரு சாவைச் சுமந்து செல்லும் தோழர் கூட்டம். மனிதர் கூடும்போது என்ன ஆகின்றனர் என்னும் ஒரே வினாவையே பதினான்கு ஆண்டுகள் ஜான் கேட்டுவந்தார். முதலில் நம்பிக்கையோடு கேட்டார். பின் சினத்தோடு கேட்டார். பின் தன்னையே குற்றவாளியாக்கிக் கேட்டார். கடைசியில் துயரத்தோடு கேட்டார். முதற்படி இல்லையேல் நான்காம்படியின் துயரம் எதை இழந்ததால் வந்தது என்று விளங்காது.

வெங்கட் சாமிநாதனின் திரைக்கதை நூலாக வெளிவந்துள்ளது. அதனையும் படத்தையும் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டு, எழுத்தாளர் வைத்தது எது, இயக்குநர் மாற்றியது எது, மலையாளியான ஓர் இயக்குநரின் செவியில் அக்கிரகாரப் பேச்சு எவ்வாறு பதிந்துள்ளது என்று குறித்தல், இரு மொழியும் அறிந்த முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய பணி. மலையாளப் படங்கள் மூன்றன் உரையாடல்களையும் தமிழில் பெயர்த்து அச்சிடுவது ஒரு துறை இரண்டாண்டுகளில் செய்யக்கூடியது. அப்பணியை ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ படத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.